இளைப்பும் உழைப்பும்: நாள்பட்ட நுரையீரல் நோயாளர் வீட்டில் செய்யும் உடற்பயிற்சி பற்றிய ஒரு மதிப்பாய்வு

நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவரை நடக்கச் சொல்வதா, உட்கார வைப்பதா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை சொல்லி வருகிறது. விடை பலமுறை தலைகீழாக மாறியும் இருக்கிறது. வீடுகளில் மட்டும் அது பெரும்பாலும் மாறவில்லை. "உனக்குத்தான் முடியலையே, பேசாம உட்காரு" என்று மகளோ மருமகனோ சொல்வார்கள். அன்பினால் வருகிற சொல் அது. ஆனால் அந்த அன்பே நோயாளியின் கால்களை மெலிய வைக்கிறதோ என்ற ஐயம் இன்று வலுவாக எழுந்திருக்கிறது.

இதற்குள் வேறு கேள்விகளும் அடங்கியிருக்கின்றன. அசைவுதான் நல்லது என்றால், மருத்துவமனையில் பயிற்சியாளர் கண்ணெதிரே செய்ய வேண்டுமா, வீட்டிலேயே செய்யலாமா? வீட்டில் செய்வதென்றால் எதைச் செய்வது: நடையா, மூச்சுப் பயிற்சியா, அன்றாட வீட்டு வேலையே போதுமா? ஒவ்வொன்றுக்கும் சொல்லப்பட்ட விடைகளையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதையும் புதுச்சேரி நகரை மனத்தில் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

எந்த நுரையீரல், எதனால் கெட்டது?

நாள்பட்ட நுரையீரல் நோய் என்பது ஒரே நோயன்று. மருத்துவர் சீட்டில் 'சி.ஓ.பி.டி.' என்று எழுதும் நுரையீரல் அடைப்பு நோய் அதில் பெரிய பங்கு. அதனுடன் நெடுநாள் ஆஸ்துமா, மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் தழும்பு நோய், காசநோய் குணமான பின்னும் விட்டுப்போகும் வடு ஆகியவையும் இருக்கின்றன. வீட்டில் இவை எல்லாவற்றுக்கும் 'வீசிங்', 'இளைப்பு', 'இழுப்பு' என்றுதான் பெயர்.

2018இல் 'லான்செட்' குழும இதழில் வெளியான கணக்கீட்டின்படி, இந்தியாவில் அடைப்பு நோயுள்ளவர்கள் 1990இல் 2.81 கோடி, 2016இல் 5.53 கோடி. உலக மக்கள்தொகையில் 18 விழுக்காடு கொண்ட நாடு, நாள்பட்ட மூச்சு நோய்களால் உலகம் இழக்கும் நலவாழ்வு ஆண்டுகளில் 32 விழுக்காட்டைச் சுமந்தது. பீடியும் சிகரெட்டும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. விறகடுப்புப் புகை, தொழிலிடத் தூசு, பழைய காசநோய் எல்லாம் சேர்கின்றன. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 2.44 விழுக்காட்டினருக்கு அடைப்பு நோய் இருந்தது.

புதுச்சேரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டு இது பஞ்சாலை நகரமாக இருந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்களில் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த வரலாறு இந்நகருக்கு உண்டு. அப்பஞ்சாலைகளில் ஒன்றான ஏ.எப்.டி. மூடப்பட்டது 2020இல்தான். பருத்தித் தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வரும் நோய் மருத்துவ நூல்களில் நன்கு பதிவானது. வார விடுமுறை முடிந்து திங்களன்று வேலைக்குத் திரும்பும்போது நெஞ்சு இறுகுவது அதன் முதல் அடையாளம். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவரின் இளைப்பில் தூசின் பங்கு எவ்வளவு, பீடியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. ஆனால் "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்ற கேள்வியை இந்நகரில் எந்த மருத்துவரும் தவிர்க்க முடியாது.

இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. உடற்பயிற்சி பற்றிக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி, புகைப்பழக்கத்தால் அடைப்பு நோய் வந்த மேலைநாட்டவரிடமிருந்து பெறப்பட்டது. விறகுப் புகையாலும் காசநோய் வடுவாலும் வந்த இளைப்புக்கு அச்சான்றுகள் அப்படியே பொருந்துமா என்ற கேள்வி, இனி வரும் ஒவ்வொரு பகுதிக்கும் அடியில் இருந்துகொண்டே இருக்கும்.

ஓய்வு மருந்தாக இருந்த காலம்

இந்த வாதம் காசநோயில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இன்று போலந்தில் உள்ள ஒரு மலைக் கிராமத்தில் சானடோரியம் அமைத்து நோயாளிகளை மலைப்பாதையில் நடக்க வைத்தார். அவரிடம் நோயாளியாக வந்து மருத்துவரான பீட்டர் டெட்வைலர் 1876இல் தாமே ஒரு சானடோரியம் திறந்தபோது நேர்மாறான வழியைப் பிடித்தார். தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலி, போர்வை, நீண்ட ஓய்வு. அவருடைய முறையே உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் 1905 முதல் பிரிம்லி சானடோரியத்தை நடத்திய மார்கஸ் பேட்டர்சன் மறுபடி எதிர்த்திசையில் போனார். முதலில் சிறு நடை, பிறகு மண் கூடை சுமப்பது, பிறகு மண்வெட்டி என்று படிப்படியாக வேலையை ஏற்றினார். இன்றைய 'மெதுவாகத் தொடங்கு, படிப்படியாகக் கூட்டு' என்ற விதியின் முன்னோடியாக அதைக் கருதலாம்.

தமிழகத்தில் சானடோரிய முறையின் அடையாளம், மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய நிலையம். இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் அதை நினைவூட்டுகிறது. படுக்கை, காற்று, சத்துணவு ஆகியவை அக்காலத்து மருந்துகள். நோயாளி வீட்டில் இருந்தால் குணமாக மாட்டார் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்ததும் சென்னைதான். 1956இல் அங்கு அமைக்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், வாலஸ் பாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர்கள் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. வீட்டிலிருந்தவர்களுக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. இருந்தும் 1959இல் வெளியான முடிவுகளில் அவர்கள் பெற்ற குணம் சானடோரியத்தாரின் குணத்துக்கு ஈடாக இருந்தது. குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இந்தச் சான்றுக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே குணப்படுத்தியது மருந்து; அடைப்பு நோய்க்கு அப்படியொரு மருந்து கிடையாது. ஆனாலும் இரண்டு பாடங்கள் நிற்கின்றன. முழு ஓய்வு தவிர்க்க முடியாத மருந்தென்று கருதப்பட்டது தவறு. அடுத்து, வீட்டுச் சிகிச்சை தானாக வெற்றி பெறவில்லை. வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்குவது, ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணுவது, சிறுநீர்ச் சோதனை என்று ஒரு கண்காணிப்பு வலை அந்த வீடுகளைச் சுற்றி இருந்தது. இந்த இரண்டாம் பாடம் பரவலாக மறக்கப்பட்டுவிட்டது.

அசைவின் பக்கம் சேர்ந்த சான்றுகள்

அடைப்பு நோயாளிகளுக்கு உடற்பயிற்சி என்ற எண்ணத்தை நியூயார்க்கில் ஆல்வன் பராக் 1950களின் தொடக்கத்தில் முன்வைத்தார். 1960களில் டென்வரில் தாமஸ் பெட்டியும் குழுவினரும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஆக்ஸிஜனுடன் நோயாளிகளை நடக்க வைத்து, கல்வி, மூச்சுப் பயிற்சி, நடை ஆகியவற்றை ஒரே திட்டமாக்கினர். ஆனால் 'கெட்டுப்போன நுரையீரலைப் பயிற்சி எப்படிச் சரிசெய்யும்?' என்ற ஐயம் நீங்கவில்லை.

அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. பயிற்சி நுரையீரலைச் சரிசெய்வதில்லை. எட்டு வாரம் நடந்த பின்னும், குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையின் எண் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். மாறுவது தசை. மூச்சு வாங்குகிறதென்று நடையைக் குறைத்தால் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. அதை ஈடுகட்ட உடல் இன்னும் வேகமாக மூச்சு விடுகிறது. வேகமான மூச்சில் காற்று முழுதாக வெளியேற நேரமின்றி நுரையீரலில் தேங்குகிறது, இளைப்பு கூடுகிறது, நடை மேலும் குறைகிறது. இந்தச் சுழலைக் கால் பக்கத்திலிருந்து அறுக்கலாம் என்பதற்கு உடலியங்கியல் ஆதாரம் தந்தது காசபுரி குழுவினரின் 1991ஆம் ஆண்டு ஆய்வு. பயிற்சிக்குப் பின் அதே வேலைக்கு லாக்டிக் அமிலமும் குறைந்தது, தேவைப்பட்ட மூச்சும் குறைந்தது.

பிறகு சான்றுகள் குவிந்தன. 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைத் தொகுத்தது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக சுமார் 44 மீட்டர் கூடியது. இளைப்பும் சோர்வும் குறைந்தன. பயிற்சியையும் வழக்கமான கவனிப்பையும் ஒப்பிட இனி ஆய்வு தேவையில்லை, எப்படித் தருவது என்பதே கேள்வி என்று காக்ரேன் தரப்பிலேயே எழுதும் அளவுக்கு முடிவு உறுதியாக இருந்தது.

இருந்தும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பலன் தங்குவதில்லை. பயிற்சியை நிறுத்தினால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் கரைகிறது. மற்றொன்று, நேரம். நோய் திடீரெனக் கடுமையாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு உடனே பயிற்சி தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் (389 பேர், 2014) மறுசேர்க்கை குறையவில்லை. ஓராண்டில் இறப்பு பயிற்சிப் பிரிவில் கூடுதலாக இருந்தது. அதற்கு விளக்கம் இன்னும் தெளிவாகவில்லை. நோய் சீறிய நாட்களில் அவசரப்படக் கூடாது என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்வது தகும்.

மருத்துவமனையா, வீடா?

பயிற்சி பலன் தருகிறது என்று தெரிந்தும் அது நோயாளிகளைச் சென்றடையவில்லை. அமெரிக்காவில் 2014இல் அடைப்பு நோயால் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 1,97,376 முதியவர்களில், 90 நாட்களுக்குள் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 1.5 விழுக்காடு மட்டுமே. வசதியான நாட்டிலேயே நிலை இதுவென்றால் மற்ற நாடுகளைச் சொல்லத் தேவையில்லை. வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய்வருவது என்பது பயணச் செலவு, துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி, பேருந்துப் படி ஏறும் இளைப்பு எல்லாம் சேர்ந்தது.

வீட்டுப் பயிற்சியை ஆதரிப்பவர்களின் சான்று இங்கிருந்து தொடங்குகிறது. கனடாவில் 252 பேரிடம் நடந்த ஆய்வில் (2008), வீட்டில் நிலையான சைக்கிள் மிதித்தவர்களுக்கும் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின் இளைப்பில் பெரிய வேறுபாடில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் குழுவின் ஆய்வு (166 பேர், 2017) இன்னும் எளிய வழியைச் சோதித்தது: வீட்டுக்கு ஒருமுறை வருகை, பிறகு வாரம் ஒன்றாக ஏழு தொலைபேசி அழைப்புகள். எட்டு வார முடிவில் பலன் மருத்துவமனைப் பயிற்சிக்கு இணையாக இருந்தது. வீட்டுப் பிரிவில் 91 விழுக்காட்டினர் பயிற்சியை முடித்தனர். மருத்துவமனைப் பிரிவில் 49 விழுக்காட்டினர்தான்.

எதிர்த்தரப்பின் வாதமும் வெற்றாக இல்லை. பிரிட்டனில் 287 பேரிடம் நடந்த ஆய்வில் (2018), கையேட்டை வைத்துக்கொண்டு வீட்டில் தாமே செய்யும் திட்டம் மருத்துவமனைப் பயிற்சிக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. தொலைவழிப் பயிற்சி பற்றிய 2021ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு (15 ஆய்வுகள், 1,904 பேர்) நேரடிப் பயிற்சிக்கு ஈடான பலன் இருப்பதாகக் கண்டது. ஆனால் பங்கேற்றவர்களில் 99 விழுக்காட்டினருக்கு அடைப்பு நோய். தழும்பு நோய்க்கும் மூச்சுக்குழாய் விரிவுக்கும் அதிலிருந்து முடிவு சொல்ல முடியாது. குழுவாகப் பயிற்சி செய்யும்போது கிடைக்கும் தைரியம், 'எனக்கு மட்டுமா இப்படி?' என்ற தனிமை விலகுவது ஆகியவை வீட்டில் கிடைப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

இந்த முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. யாராவது தவறாமல் விசாரித்த இடத்தில் வீடு மருத்துவமனைக்கு ஈடு கொடுத்தது. கையேட்டுடன் தனியே விடப்பட்டபோது உறுதி குறைந்தது. அமெரிக்க மார்பு நோய் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மருத்துவமனைப் பயிற்சி, தொலைவழிப் பயிற்சி இரண்டில் எதையும் நோயாளி தேர்ந்துகொள்ளலாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. அங்கும் தொலைவழி என்பதன் பொருள் மறுமுனையில் ஒருவர் இருப்பதுதான்.

மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா?

புதுச்சேரியில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மருத்துவராகப் பயின்ற சுவாமி கீதானந்தா 1968இல் இங்கு ஆனந்தாசிரமத்தை நிறுவினார். ஆண்டுதோறும் ஜனவரியில் நகரில் யோகத் திருவிழா நடக்கிறது. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததும் 1964 முதல் இன்றைய பெயரில் கோரிமேட்டில் இயங்குவதுமான ஜிப்மர், யோக ஆராய்ச்சியில் நாட்டின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்று. பேராசிரியர் மதன்மோகன் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 27 மாணவர்கள் 12 வாரம் யோகம் பயின்ற பின் மூச்சுத் தசைகளின் வலிமையும் மூச்சடக்கும் நேரமும் கூடின. யோக சிகிச்சைக்கான தனி மையம் ஒன்றும் 2008இல் அங்கு தொடங்கப்பட்டது.

யோகத்தை ஆதரிப்போர் காட்டும் புகழ்பெற்ற சான்று, பெங்களூரில் நாகரத்னாவும் நாகேந்திராவும் செய்து 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. யோகம் பயின்ற 53 ஆஸ்துமா நோயாளிகளுக்கு, ஒப்பீட்டுக்கு எடுத்த 53 பேரைவிட இழுப்பு குறைந்தது, மருந்துத் தேவையும் குறைந்தது. பிராணாயாம மூச்சைப் போலச் செய்யவைக்கும் கருவியை 18 பேரிடம் சோதித்து 1990இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வு, மூச்சுக்குழாயின் எரிச்சல் தன்மை சற்றுக் குறைவதைக் காட்டியது.

இச்சான்றுகளின் தளர்ச்சி வெளிப்படையானது. ஜிப்மர் ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். மற்ற இரண்டும் ஆஸ்துமா பற்றியவை. ஆஸ்துமாவில் அடைப்பு வந்து போகும், சி.ஓ.பி.டி.யில் அது தங்கிவிடும். அடைப்பு நோயில் மூச்சுப் பயிற்சிகளை மட்டும் ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு (16 ஆய்வுகள், 1,233 பேர்), நடக்கும் தூரம் சற்றுக் கூடியதாகவும், இளைப்பு குறைந்ததற்கு ஒத்த சான்று இல்லை என்றும் கண்டது. கடுமையான அடைப்புள்ளவர்களை வயிற்றால் மூச்சுவிடப் பழக்கியபோது மூச்சின் திறன் குறைந்ததாக 1995இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி செய்த 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த நிகழ்வு 2004இல் பதிவானது. ஒரே நிகழ்வு பொது விதியாகாது. எனினும் காற்றுப் பைகள் நைந்துபோன நுரையீரலுக்கு வேகமான, வலிந்து தள்ளும் மூச்சும் மூச்சை நீண்ட நேரம் அடக்கும் கும்பகமும் தவிர்க்கத் தக்கவை என்ற எச்சரிக்கைக்கு அது வலுச் சேர்க்கிறது.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் மூன்று பந்துக் கருவியும் இதே வகையில் சேரும். அறுவை சிகிச்சைக்குப் பின் நுரையீரல் விரிய வேண்டுமென்று அமைந்த கருவி அது. நடைக்கு அதை மாற்றாகக் கொள்வதற்குச் சான்று இல்லை. உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவதுபோல் மெல்ல மூச்சை விடுவது பலருக்கு நடக்கும்போதே உதவுகிறது. யோகத்தின் மெதுவான ஆசனங்களும் நிதானமான மூச்சும் பதற்றத்தைத் தணிக்கக்கூடும். காலுக்கான பயிற்சியோடு சேர்ந்தால் அவை துணை நிற்கும். தனித்து நின்றால் மேற்சொன்ன சுழலை அறுக்குமா என்பது உறுதியாகவில்லை.

வீட்டு வேலை பயிற்சியாகுமா?

"நான்தான் வீடெல்லாம் கூட்டுறேனே, தனியா என்ன பயிற்சி?" என்ற கேள்வியைப் பெண்கள் கேட்பது இயல்பு. வேலை செய்வது செய்யாமலிருப்பதைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பயிற்சிக்கும் வேலைக்கும் வேறுபாடுகள் உண்டு. பயிற்சி வாரத்துக்கு வாரம் கூட்டப்படுவது. வேலை என்றும் அதே அளவு. பயிற்சியில் இளைத்தால் நிறுத்தலாம். உலை கொதிக்கும்போது நிறுத்த முடியாது. வேலையில் பெரும்பகுதி கைகளுக்கு. கைகளைத் தாங்கலின்றி உயர்த்தும்போது, மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. அப்போது மூச்சின் ஒத்திசைவு கெடுவதை 1986இலேயே ஒரு ஆய்வு காட்டியது. கொடியில் துணி உலர்த்தும்போது நடையைவிட அதிகமாக இளைப்பதன் காரணம் இதுதான். குனிந்து கோலம் போடும்போது வயிறு மேல்நோக்கி அழுத்துவதும் இளைப்பைக் கூட்டலாம். வேலை செய்கிற அடுப்படியிலேயே புகையும் இருந்தால் பலனைவிடத் தீங்கு மிஞ்சும். எனவே வீட்டு வேலையைப் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்வது கடினம். பயிற்சியின் பலன் வெளிப்படும் இடமாகக் கொள்ளலாம்.

புதுச்சேரி வீடும் வெயிலும் மழையும்

மேலே கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை மிதமான அல்லது குளிர்ந்த தட்பவெப்பத்தில் நடந்தவை. கத்திரி வெயிலின் புழுக்கத்தில் அதே அளவுகள் பொருந்துமா என்பதற்கு நேரடிச் சான்று மிகக் குறைவு. பொது அறிவும் உடலியங்கியலும் சொல்வது, கோடையில் பயிற்சி விடியற்காலைக்கோ வெயில் தாழ்ந்த பிறகோ மாற வேண்டும் என்பது. மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனம் விடாத கடற்கரைச் சாலை சமதளமும் காற்றும் உட்காரத் திட்டும் கொண்ட அருமையான நடைபாதை. ஆனால் லாஸ்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ இருப்பவருக்கு அங்கே போய்ச் சேர்வதே ஒரு பயணம். எனவே பேச்சு வீட்டுக்குத்தான் திரும்புகிறது.

தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் தெருத் தாழ்வாரம், திண்ணை, நடுவே முற்றம் என்று அமைப்பே நடைக்கு இடம் தருகிறது. முற்றத்தைச் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணலாம். இளைத்தால் திண்ணையில் உட்காரலாம். இன்று பலர் இருப்பது இரண்டறை வாடகை வீட்டிலும் மாடிக் குடியிருப்பிலும். அங்கும் வழி இருக்கிறது. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நீளமான இடம் வேண்டும். ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்ற சோதனைக்கு ஒரு நாற்காலி போதும். அதுவே பயிற்சியாகவும் ஆகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. மொட்டை மாடி நடைக்கு உதவும். ஆனால் ஏறுகிற படிகளை யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாசி வழுக்கும்.

மூடிய அறையில் பயிற்சி செய்பவர் அந்த அறையின் காற்றையும் எண்ண வேண்டும். ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. சாம்பிராணியும் போகிப் புகையும் கூடத் தள்ளி வைக்க வேண்டியவையே. ஆழ்ந்து மூச்சு விடும் நேரத்தில் புகை உள்ளே போவதும் ஆழமாகத்தான்.

எவ்வளவு, எதுவரை?

பரவலாக ஏற்கப்பட்ட அளவு இது: வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், 20 முதல் 30 நிமிடம், இளைப்பைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலில் 4 முதல் 6 வரை. மூச்சு வாங்க வேண்டும். ஆனால் இரண்டு மூன்று சொல்லாவது பேச முடிய வேண்டும். தொடர்ந்து முடியாதவர் இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி நடக்கலாம். பலனில் இது குறைந்ததல்ல என்றே தெரிகிறது.

ஆக்ஸிஜன் பற்றி இரண்டு தரப்பு உண்டு. நடக்கும்போது இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு குறைகிறவர்களுக்கு ஆக்ஸிஜன் கொடுத்தே பயிற்சி செய்ய வேண்டும் என்பது ஒன்று. அது கட்டாயமில்லை என்பது மற்றொன்று. 111 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிஜனுடன் பயின்றவர்களும் வெறும் காற்றுடன் பயின்றவர்களும் ஒரே அளவு முன்னேறினர். ஓய்விலேயே அளவு மிகக் குறைந்தவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது; அவர்களுக்கு நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாத ஆக்ஸிஜன் ஆயுளைக் கூட்டும் என்பது 1980களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. வீட்டு ஆக்ஸிஜன் இயந்திரம் மின்சாரத்தை நம்பியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் என்று கண்ட நகரில் மாற்று உருளை இல்லாத திட்டம் முழுமையான திட்டமாகாது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 88க்குக் கீழ் காட்டினால் நிறுத்தி ஓய்வெடுப்பது பொது வழக்கம். கருமை நிறத் தோலில் இக்கருவி உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020இல் ஒரு அமெரிக்க ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நம் மக்களுக்கு இது சிறிய செய்தியல்ல. எண் சரியாக இருந்தும் உதடு நீலம் பாரித்தால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், உடலையே நம்ப வேண்டும். பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சல், நிறம் மாறிய சளி, சளியில் இரத்தம் ஆகியவை பயிற்சியைத் தொடங்கவே கூடாத அறிகுறிகள். பழைய காசநோயாளிக்கு இருமல் கூடினால் முதலில் சளிப் பரிசோதனை.

எஞ்சியிருப்பவை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியோடு வரலாம். நோய் நிதானமாக இருக்கும்போது அசைவு ஓய்வைவிட மேல். கால்களுக்கான பயிற்சியே மையம். மூச்சுப் பயிற்சி துணை. வீடு, தக்க கண்காணிப்புடன், அடைப்பு நோயாளிகளில் பலருக்கு மருத்துவமனைக்கு ஈடாகும்.

திறந்தே இருப்பவையும் பல. விறகுப் புகை, பஞ்சுத் தூசு, காசநோய் வடு ஆகியவற்றால் வந்த இளைப்பில் இதே பலன் எந்த அளவுக்குக் கிடைக்கும்? நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற அளவு எது? யோகத்தை நடையோடு சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா? இக்கேள்விக்கு விடை காண யோக மையமும் நெஞ்சக மருத்துவமும் அருகருகே இருக்கும் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. ஓராண்டுக்குள் பலன் கரைவதைத் தடுப்பது எப்படி?

கடைசியாக, மருத்துவத்தைத் தாண்டிய ஒரு கேள்வி. மெல்பர்ன் திட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒரு வீட்டு வருகையும் ஏழு தொலைபேசி அழைப்புகளும். சென்னையில் 1950களில் சைக்கிளும் நடையுமாக வீடு தேடிச் சென்று பார்த்துவரும் ஊழியர் முறையை நம்மவர்கள் கட்டிக் காட்டினார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. நுரையீரல் நோயாளிக்கான பயிற்சி அந்தப் பாதையில் ஏறுமா, புதுச்சேரி அதற்கு இணையான பாதையை அமைக்குமா என்பது இனி காண வேண்டியது. 'நடங்கள்' என்று சீட்டில் எழுதுவது எளிது. அடுத்த வாரம் "நடந்தீர்களா?" என்று கேட்பது யாருடைய பொறுப்பு என்பதை ஆய்வுகள் சொல்லாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.